ஏழு நிமிஷமும் ஒரு எலும்பும்

கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு ரக மனிதர்கள்தான் விழித்திருப்பார்கள். இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போகிறவர்கள் ஒரு ரகம். போலீஸிலோ மிலிட்டரியிலோ சேருவதற்காக ரோட்டில் ஓடுகிறவர்கள் இன்னொரு ரகம். (மூன்றாவது ரகமான டீக்கடைக்காரர்கள் தூங்குவதே இல்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை!)

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று தேனி வரைக்கும் எந்த ஊர் எல்லையில் போய் நின்றாலும், இருட்டில் 'தப் தப்' என்று சத்தம் கேட்கும். பனியனும் டிராயருமாக நாலைந்து பேர் நம்மைத் தாண்டிப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது லேசாகக் காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடுவார். இந்தக் கட்டுரை அவருக்காக.

எதற்கு இந்த ஓட்டம்? தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 விநாடி. 1998-ல் ரோம் நகரில் மொராக்கோ நாட்டு ஹிஷாம் எல் கெரூஜ் இதே தூரத்தை 3 நிமிஷம் 26 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்தார். நம்முடைய ஏழு நிமிஷத்தில் அவர் இரண்டு தடவை ஓடிவிட்டு, மிச்சமிருக்கும் எட்டு விநாடியில் வேர்வையும் துடைத்துக் கொள்ளலாம்! ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிஷத்துக்குள் வந்தால்தான் முழு மார்க். அது சுற்றுக்கு எண்பத்திரண்டரை விநாடி. விளையாட்டல்ல.

ஆனால் சிக்கல் விநாடியில் இல்லை. காலண்டரில் இருக்கிறது.

காவலர் தேர்வில் முதலில் எழுத்துத் தேர்வு. அதற்காகப் பையன்கள் மாதக்கணக்கில் பொது அறிவுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தே இருப்பார்கள். ரிசல்ட் வருகிறது. பாஸ்! வீட்டில் கேசரி. மறுநாளே விடிவதற்குள் ரோட்டுக்கு இறங்கி, முதல் நாளே ஐந்து கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர்கூட ஓடிப் பழகாத கால் அது.

உத்தமபாளையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். வயது இருபத்து நாலு. பேன்ட்டைச் சுருட்டிவிட்டு எலும்பைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"முதல் ரெண்டு வாரம் சிட்டாப் பறந்தேன் சார். மூணாவது வாரம் ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல, ஓட ஆரம்பிக்கிறப்ப மட்டும் வலிக்கும். ஒடம்பு சூடானதும் போயிரும். இப்ப ஓடி முடிச்ச பெறகும் விடமாட்டேங்குது. மாடிப்படி இறங்கினாக்கூட வலிக்குது."

எங்கே வலி என்று கேட்டேன். முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே, எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு விரலை ஓட்டிக் காட்டினார்.

"வைத்தியம் பார்த்தீங்களா?"

"பக்கத்து வீட்டுல நரம்பு இழுத்திருக்குங்கிறாங்க. மாமா வாயுங்கிறார். சுளுக்கு எடுக்கிறவர்கிட்டயும் போனேன். எலும்பு மேலயே கட்டை விரலை வச்சு அமுக்கி உருவினார் பாருங்க... மலையாள தேசம் வரைக்கும் தெரிஞ்சுது!"

நம் ஊரில் கழுத்துக்கு மேலே எது வந்தாலும் கண் திருஷ்டி, கீழே எது வந்தாலும் வாயு. இதற்கு உண்மையான பெயர் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம்'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கெரூஜ் அரை மைதானம் சுற்றிவிடுவார். தமிழில் கணைக்கால் எலும்பு வலி என்று வைத்துக் கொள்வோம்.

ஏன் மூன்றாவது வாரம்? தேனியில் எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர், கொத்தனார் கணக்கில் புரிய வைத்தார்.

"எலும்பை நாம ஏதோ சிமென்ட் தூண் மாதிரி நெனச்சுக்கிறோம். அது உயிருள்ள சமாச்சாரம். புதுசா பாரம் வந்தா தன்னைப் பலப்படுத்திக்கும். ஆனா எப்படி? பழைய வீட்டை மாத்திக் கட்டுற மாதிரி. மொதல்ல பழைய சுவரை இடிக்கும். பெறகுதான் புதுச் சுவர் எழுப்பும். இடிக்கிறதுக்கு மூணு வாரம். கட்டி முடிக்க மூணு மாசம். இடிச்சுப் போட்ட மூணாவது, நாலாவது வாரம் வீடு எப்படி இருக்கும்? அந்த நேரம் பார்த்து மாடியில கல்யாணக் கூட்டத்தை ஏத்துறாங்க நம்ம பசங்க!"

மூச்சு சீக்கிரம் பழகிவிடுகிறது. சதையும் கொஞ்சம் சீக்கிரம் தேறுகிறது. 'அட, நல்லா ஓடுறோமே' என்று தூரத்தைக் கூட்டுகிறார்கள். எலும்பு மட்டும் அரசாங்க ஆபீஸ் மாதிரி, அதன் வேகத்தில்தான் ஃபைலை நகர்த்தும். பாரத்துக்கு ஏற்றபடி எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த யூலியஸ் வுல்ஃப் என்ற டாக்டர் 1892-லேயே எழுதிவைத்துவிட்டார். கெண்டைக்கால் சதை எலும்பின் மேலுறையைப் பிடித்து இழுப்பதால் வலியா, எலும்பே அடி தாங்காமல் களைத்துப் போவதாலா என்று மருத்துவ உலகில் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. இரண்டுக்கும் பங்கு உண்டு என்பதுதான் இப்போதைய தீர்ப்பு.

அடி என்றால் சாதாரண அடி இல்லை. ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் தரையிலிருந்து திருப்பி அடிக்கிறது. அறுபது கிலோ பையனுக்கு 120 முதல் 180 கிலோ. ஐந்து கிலோமீட்டர் ஓடினால் நாலாயிரத்துக்கு மேல் எட்டு. தார் ரோட்டில்!

இந்த வலியோடு எப்போது ஓடக்கூடாது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். பரிசோதனை சுலபம். காசு செலவில்லை. எலும்பின் உள்பக்க ஓரத்தைக் கட்டை விரலால் மேலிருந்து கீழே மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலமோ, அதற்கு மேலோ பரவலாக வலித்தால் அது கணைக்கால் எலும்பு வலியாக இருக்கலாம். அதற்கு மாறாக, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் 'சுரீர்' என்றால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், நடந்தாலே வலித்தால் - எலும்பில் மயிரிழை போல் கீறல் விழுந்திருக்கலாம். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள். அதற்கு மேல் ஒரு எட்டுகூட ஓடக்கூடாது. மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் குறிப்பிட்ட தூரம் போனதும் கால் கல் மாதிரி இறுகி, பாதம் மரத்துப்போய், நின்றால் சரியாகிவிடும். அது சதை உறைக்குள் அழுத்தம் ஏறுகிற வேறு விவகாரம். அதற்கும் டாக்டர்தான்.

கீறல் விஷயம் சிப்பாய்களுக்குப் பழசு. 1855-ல் பிரெய்ட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ டாக்டர், நெடுந்தூரம் மார்ச் செய்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்குவதைக் குறித்து வைத்தார். காரணம் பிடிபடவில்லை. 1895-ல் ராண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகுதான், அது எலும்பில் விழுந்த கீறல் என்று தெரிந்தது. அந்த எக்ஸ்ரேயும் லேசில் காட்டிக் கொடுக்காது. முதல் இரண்டு மூன்று வாரம் 'எல்லாம் நார்மல்' என்று வரும். வலி அதே இடத்தில் இருந்தால் மறுபடி போய்க் கேளுங்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். ஆண்டிபட்டி ரோட்டில் கே.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான்.

கம்பத்துப் பக்கம் ஒரு ஓய்வு பெற்ற ஹவில்தார், சாயங்காலம் பையன்களைச் சேர்த்து ஓட விடுகிறார். ஃபீஸ் கிடையாது, திட்டும் இலவசம். அவரிடம் கீறல் கதையை எடுத்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"சின்னமனூர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் சார். நம்மகிட்ட வந்தவன் இல்ல, வேற எடத்துல ஓடினவன். வலின்னு சொன்னா பேரை அடிச்சிருவாங்களோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. தெனம் வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓடியிருக்கான். டெஸ்ட் அன்னைக்கு மூணாவது ரவுண்டுல அப்படியே உக்காந்துட்டான். கீறலா இருந்தது முறிவாகிப் போச்சு. கால் சேர்ந்துருச்சு... ஆனா அடுத்த தேர்வு அறிவிக்கிறப்ப அவனுக்கு வயசு தாண்டிருச்சு."

வலி மாத்திரை வலியை ஆற்றுவதில்லை. வாயை மட்டும் மூடுகிறது. ஓடுவதற்கு முன்னால் அதைப் போடுவது, ரயில்வே கேட் மணியின் வாயில் துணியைத் திணித்துவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டுவதுபோல. தினமும் போட்டால் வயிறும் சிறுநீரகமும் வேறு கணக்குக் கேட்கும்.

சரி, வலி வந்துவிட்டது. என்ன செய்யலாம்? டீக்கடைப் பையனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பிவைத்தேன். கீறல் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, அவருக்குச் சொல்லப்பட்டது இதுதான்.

முதல் பத்து நாள் ஓட்டம் கட். நடந்தால் வலிக்காமல் இருக்கும் வரை ஓடவே கூடாது. ஆனால் சும்மா படுத்துக் கிடக்கவும் கூடாது. சைக்கிள்! தேவாரம் ரோட்டில் ஒரு நிமிஷம் உயிரை விட்டு மிதி, ஒரு நிமிஷம் மெதுவாக மிதி, இப்படிப் பத்துத் தடவை. ஆடிக் காற்று எதிரே அடித்தால் இன்னும் விசேஷம். மூச்சின் பலம் அவ்வளவாகக் குறையாது. எலும்புக்கு அடியும் கிடையாது. நீச்சலும் அதே மாதிரிதான். (அதற்காக முல்லைப் பெரியாறு வேகமாகப் போகும்போது குதித்துவிடாதீர்கள். கணைக்கால் வலி உயிரை எடுக்காது, ஆறு எடுக்கும்.)

வலித்தால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு கால் மணி நேரம் ஒத்தடம். ஐஸைத் தோலில் நேராக வைக்கக்கூடாது. எண்ணெய் தேய்த்துக் கெண்டைச்சதையை இதமாக நீவிவிடலாம், தப்பில்லை. எலும்பின் மேல் கட்டை விரல் வைத்தியம் மட்டும் வேண்டாம்.

உண்மையான மருந்து மாடிப்படி. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலைத் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று முறை. பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு அதே மாதிரி. மடக்கிச் செய்தால் கெண்டைச்சதைக்கு உள்ளே இருக்கிற சதைக்கு வேலை. ஓடும்போது எலும்பின் சுமையைத் தாங்கிக் கொடுப்பது அந்த உள்சதைதான். இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக் காலில். பையன் இதை வீட்டுப் படியில் செய்யப்போக, "ஏண்டா, ஏறவும் மாட்டேங்குறே, இறங்கவும் மாட்டேங்குறே. பித்துப் புடிச்சிருச்சா?" என்று அம்மா பயந்துபோனாராம்.

அப்புறம்தான் ஓட்டம். ஒரு நிமிஷம் ஓடு, ஒரு நிமிஷம் நட. ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும்போது பத்துக்கு இரண்டு மார்க் அளவுக்கு லேசான வலி வந்து, மறுநாள் காலையில் சுத்தமாக இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம். மறுநாளும் இருந்தால் ஒரு படி கீழே. வாரத்துக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூட்டாதே என்று ஒரு வழக்கு உண்டு. அது வேத வாக்கல்ல. ஆனால் முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் என்று கிளம்புகிறவருக்குக் கடிவாளம் போட நல்ல கணக்கு.

கீறலே விழுந்திருந்தால் இந்தக் கதையெல்லாம் கிடையாது. இடத்தைப் பொறுத்து ஆறு, எட்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல். டாக்டர் சொல்கிறபடிதான்.

ஹவில்தாரிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். உங்கள் பையன்களுக்கு ஏன் இது அதிகம் வருவதில்லை?

ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பேருக்கு நேரே, தினமும் எத்தனை நிமிஷம் ஓட்டம், காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது வலி இருந்ததா இல்லையா... அவ்வளவுதான்.

"அறிவிப்பு வர்றதுக்கு மூணு மாசம் முன்னாலயே ஓட ஆரம்பிக்கணும் சார். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறப்பவே சாயங்காலம் இருபது நிமிஷம் ஓடு, போதும். எலும்புக்கு அறிவிப்புத் தேதியெல்லாம் தெரியாது."

அவர் பையன்களைத் தார் ரோட்டில் அதிகம் விடுவதில்லை. தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் அந்த நேரத்தில் பறக்கிற வேகத்தில், கணைக்கால் என்ன, முழு ஆளே மிஞ்சுவது கஷ்டம். வாய்க்கால் கரையில் மண் பாதை இருக்கிறது, பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. அதற்காக ஒரேயடியாக மெத்து மணலிலும் ஓட விடுவதில்லை. மணல் கெண்டைச்சதையைப் பிழிந்துவிடும். ரோட்டில் ஓடியே ஆக வேண்டும் என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் ரோடுகள் மழைத் தண்ணீர் வடிய ஓரத்தில் சரிந்திருக்கும். தினமும் அந்தச் சரிவிலேயே ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலை ரோட்டில் ஏறி இறங்கினால் 'ஸ்டாமினா' வரும் என்று ஒரு நம்பிக்கை இந்தப் பக்கம் உண்டு. ஹவில்தாருக்கு அதில் பாதிதான் சம்மதம். "ஏறுறப்ப நெஞ்சுக்கு வேலை. இறங்குறப்பதான் காலுக்கு அடி. ஏறிட்டு பஸ்ல இறங்கு!"

எட்டை நீளமாகப் போட்டால் வேகம் வரும் என்பதும் பையன்களின் எண்ணம். நீள எட்டில் குதிகால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் 'டம்'மென்று இறங்கும். அதே வேகத்தில் எட்டைக் கொஞ்சம் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொரு அடியின் பாரமும் குறைகிறது. காதுதான் மீட்டர். சத்தம் குறைந்தால் சரி.

ஷூ விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைவிடக் கால் சொல்வதைக் கேட்பது நல்லது. ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். போட்டதும் சௌகரியமாக இருக்க வேண்டும், முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும், சாயங்காலம் பாதம் சற்று உப்பியிருக்கும் நேரத்தில் வாங்க வேண்டும். அண்ணன் ஓடித் தேய்த்த ஷூவைத் தம்பிக்குக் கொடுக்கும் பாசம் மட்டும் வேண்டாம். அடிப்பாகம் செத்திருக்கும். தட்டைப் பாதக்காரர்களுக்கு இந்த வலி வர வாய்ப்பு அதிகம். உள்ளே ஒரு மெத்தைப் பட்டை வைத்தால் பலருக்குச் சுகம் தெரிகிறது. இதுவரை வெறுங்காலில் வயலில் நடந்தவர்கள், ஒரே நாளில் ஷூ மாட்டி ஐந்து கிலோமீட்டர் போக வேண்டாம்.

ஓடுகிற பெண்களும் இப்போது நிறைய. கணைக்கால் வலி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. அவர்களில் சிலர் எடை குறைந்தால் வேகம் வரும் என்று ராத்திரி சாப்பாட்டை விடுகிறார்கள். விளைவு, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. 'நல்லதாப் போச்சு' என்று விட்டுவிடக்கூடாது. இரண்டு மூன்று மாதம் வரவில்லை என்றால், எலும்புக்குச் சத்து போய்ச் சேரவில்லை என்று உடம்பு தந்தி அடிக்கிறது. அந்தத் தந்தியை அம்மாவிடமும் டாக்டரிடமும் காட்டியாக வேண்டும். அங்கே மருந்து, முதலில் சாப்பாடு.

சாப்பாடு என்றதும் டப்பாவில் அடைத்த மாவைத் தேடி ஓட வேண்டாம். நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தாத்தா சாப்பிட்ட களி! பால், மோர், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கிறது. வெயில்? இருட்டில் ஓடிவிட்டு, பகல் முழுக்கக் கோச்சிங் சென்டரில் ஃபேனுக்கடியில் உட்காருகிறவர் உடம்பில் வைட்டமின் டி எப்படிச் சேரும்? கொஞ்சம் வெயிலிலும் நடங்கள் ஐயா.

டீக்கடைப் பையன் இப்போது நாலாவது வாரத்தில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஹவில்தார் விசில் ஊத, மண் மைதானத்தில் 1,500 மீட்டரை 6 நிமிஷம் 52 விநாடியில் முடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுநாள் காலையில் போன் செய்து, "கட்டில்ல இருந்து இறங்கிட்டேன் சார், ஒண்ணும் இல்ல" என்றார்.

டெஸ்ட்டுக்கு இன்னும் ஒன்பது நாள். பையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் ஒரு தடவை முழுசாக ஓடிப் பார்க்கட்டுமா என்கிறார். கூடாது என்கிறார் ஹவில்தார். இனிமேல் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், புது ஷூ போடக்கூடாது, போகிற ஊரில் முந்தின ராத்திரி புரோட்டா கூடாது.

"அப்ப முந்தின நாள் என்னதான் மாஸ்டர் செய்யிறது?"

"தூங்குடா."